கத்திரி வெயிலில் தேறிய பென்சில்கள்

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வருகிற புதுப் பிள்ளைகள் எல்லோரும் முதல் மாதத்துக்குள் ஒரு கேள்வி கேட்டுவிடுவார்கள். "சார், பாலிக்ரோமோஸ் வாங்கட்டுமா, லூமினன்ஸ் வாங்கட்டுமா, பிரிஸ்மாகலர் வாங்கட்டுமா?" போனில் பத்து வீடியோ பார்த்து, மூன்று பெட்டிகளின் விலையையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்து நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்த காலத்திலும், ஓய்வு பெற்ற பிறகும் கலர் பென்சிலோடு மல்லுக்கட்டியதில் எனக்குப் பட்டதை எழுதியே வைத்துவிடுகிறேன். இனி கேட்பவர்களிடம் இந்தத் தாளை நீட்டிவிடலாம்.

1. முதல் வருஷம் பெட்டி வாங்காதீர்கள்.

120 நிறப் பெட்டியைத் திறந்ததும் வருகிற சந்தோஷம், ஜூன் மாதம் பாடப்புத்தகத்துக்கு அட்டை போடுகிற சந்தோஷம் மாதிரி. படிப்பு அதற்குப் பிறகுதான் இருக்கிறது. என்னிடம் உள்ள பழைய பெட்டி ஒன்றில் கரும்பழுப்பும் க்ரீமும் சுண்டுவிரல் நீளத்துக்குத் தேய்ந்து கிடக்கின்றன. அதே பெட்டியில் ஏழெட்டுப் பச்சைகள் கடையிலிருந்து வந்த உயரத்திலேயே நிற்கின்றன. நல்ல காசு கொடுத்துத் தூங்க வைத்திருக்கிறேன்.

ஓவியர்களுக்கான பென்சில்களைத் தனித்தனிக் குச்சியாகவும் விற்கிறார்கள். ஊர் ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்காது. பெரிய நகரத்து ஆர்ட் கடையிலோ ஆன்லைனிலோ வாங்கலாம். பத்துக் குச்சி போதும்: வெள்ளை, க்ரீம், டார்க் செப்பியா, பர்ன்ட் ஓக்கர், வெனிஷியன் ரெட், டார்க் ரெட், டார்க் இண்டிகோ, அல்ட்ராமரீன், ஒரு எலுமிச்சை மஞ்சள், ஒரு ஆலிவ் பச்சை. கறுப்பு எங்கே என்று கேட்பீர்கள். செப்பியாவின் மேல் இண்டிகோவை ஏற்றிப் பாருங்கள். கறுப்புப் பென்சில் தருவதைவிட உயிருள்ள கறுப்பு வரும்.

2. பெட்டியின் மேலுள்ள கம்பெனிப் பெயரோடு நிற்காதீர்கள். அந்த வரிசையின் பெயரைப் படியுங்கள்.

ஃபேபர்-கேஸ்டெல் 1761-இல் ஜெர்மனியில் நியூரெம்பெர்க் பக்கத்தில் ஸ்டைன் என்ற ஊரில் தொடங்கிய கம்பெனி. பாலிக்ரோமோஸ் என்ற வரிசையை 1908-இல் கொண்டுவந்தார்கள். ஆனால் அதே கம்பெனிப் பெயரைத் தாங்கிய முக்கோணப் பென்சில்கள் நம் தெருமுனைக் கடையிலும் கிடைக்கின்றன. அவை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு. அதில் களிமண்ணும் மெழுகும் தாராளம், நிறமி சிக்கனம். குழந்தை கையில் கொடுக்க அதுவே சரி. "நானும் ஃபேபர்-கேஸ்டெல்தான் சார் வச்சிருக்கேன், நிறமே ஏறமாட்டேங்குது" என்று சொல்லும் பிள்ளை ஏமாந்தது இந்த இடத்தில்தான்.

3. உள்ளே இருக்கும் குச்சி எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எழுதுகிற கறுப்புப் பென்சிலின் குச்சி, கிராஃபைட்டும் களிமண்ணும் சேர்த்துச் சூளையில் சுட்டது. கலர் பென்சிலைச் சூளையில் வைக்க முடியாது, நிறமி கருகிவிடும். நிறமி, வெள்ளைக் களிமண், பிசின், மெழுகு, எண்ணெய் எல்லாவற்றையும் பிசைந்து, இடியாப்பம் பிழிவதுபோல் பிழிந்து, உலர்த்தி எடுப்பதுதான் அது. சுடாத மண்பாண்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே போட்டால் வெளியே மரம் நன்றாக இருக்கும், உள்ளே நாலு துண்டாகியிருக்கும். பிறகு சீவச் சீவ நுனி கழன்று விழும். ஷார்ப்பனரைத் திட்டிப் பயனில்லை.

எண்ணெய்ப் பென்சில், மெழுகுப் பென்சில் என்று இரண்டு சாதி இருப்பதாகப் பேசுகிறார்கள். குழம்பிலும் புளி உண்டு, ரசத்திலும் புளி உண்டு, அளவுதான் வேறு. இதுவும் அப்படித்தான். எண்ணெய்ப் பக்கம் சாய்ந்தது கொஞ்சம் கெட்டியாக, கூர் நிற்கும்படி இருக்கும். மெழுகுப் பக்கம் சாய்ந்தது மெத்தென்று இழையும்.

4. இனி நீங்கள் கேட்ட ஒப்பீடு.

பாலிக்ரோமோஸ்: எண்ணெய்ப் பக்கம். 120 நிறம், உருண்டை உடம்பு, 3.8 மில்லிமீட்டர் குச்சி. கூர் நிற்கும். தாத்தாவின் புருவத்து நரையை ஒவ்வொரு முடியாக இழுக்கலாம், ஜரிகைக் கரையின் நூலை எண்ணலாம். அடுக்கின் மேல் அடுக்காக ஏற்றினாலும் சலிக்காமல் வாங்கிக்கொள்ளும். ஆனால் கண்ணாடி மாதிரி, கீழே இருப்பது தெரியும். இருட்டின் மேல் வெளிச்சம் போட இது உதவாது.

லூமினன்ஸ்: சுவிட்சர்லாந்து, ஜெனீவாவில் 1915-இல் தொடங்கிய கேரன் டாஷ் கம்பெனியுடையது. (ரஷ்ய மொழியில் பென்சிலுக்கு 'கரந்தாஷ்' என்று பெயர். ஒரு பிரெஞ்சு கேலிச்சித்திரக்காரர் அதைப் புனைபெயராக வைத்துக்கொள்ள, அவர் வழியாகக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது.) இது மெழுகுப் பக்கம், 100 நிறம். மெத்தென்று, அடர்த்தியாக விழும். கரிய மேனியின் மேல் மூக்குத்தி ஒளியைக் கடைசியாக ஒரு புள்ளி வைக்க இதன் வெள்ளைக்கு நிகராக நான் எதையும் பார்த்ததில்லை. சீக்கிரம் தேயும். ஒரு குச்சியின் விலையில் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு முழுப் பெட்டி வாங்கிவிடலாம்.

பிரிஸ்மாகலர் பிரீமியர்: அமெரிக்காவில் 1938 முதல் இருக்கிற பெயர். 150 நிறம். மூன்றிலும் மென்மையானது, வெண்ணெய்தான். பழங்கள், பலூன், பளபளக்கும் பித்தளைக் குடம் என்றால் மணிக்கணக்கில் வேலை மிச்சம். நுண்ணிய கோட்டுக்கு ஆகாது. இதில் எல்லா நிறமும் வெயில் தாங்காது. எது தாங்கும், எது தாங்காது என்று கம்பெனியே ஐந்து படியாகப் பிரித்து அட்டவணை கொடுத்திருக்கிறது. அதைப் பார்க்காமல் ஊதாவையும் இளஞ்சிவப்பையும் கூடையில் போடாதீர்கள்.

டெர்வென்ட் லைட்ஃபாஸ்ட்: இங்கிலாந்து. 100 நிறம், எண்ணெய்ப் பக்கம், ஆனால் பாலிக்ரோமோஸைவிட இளக்கம். வெளிச்சம் தாங்கும் நிறங்களை மட்டுமே சேர்த்துச் செய்தது என்பதே இதன் பெருமை. விலையும் அந்தப் பெருமைக்கு ஏற்றது.

கோ-இ-நூர் பாலிகலர்: செக் நாட்டுச் சரக்கு. கோல்கொண்டா வைரத்தின் பெயரை வைத்துக்கொண்ட ஐரோப்பியக் கம்பெனி. கொஞ்சம் கெட்டி, நிறம் மெதுவாகத்தான் ஏறும். கையில் காசு குறைவு என்றால் இதில் பழகுவதில் தப்பே இல்லை.

ஹோல்பைன் ஜப்பானிலிருந்து வருகிறது. வெளிறிய நிறங்கள் அதில் அழகு. நான் அதிகம் புழங்கியதில்லை.

என் மேசையில் மூன்றில் இரண்டு பங்கு பாலிக்ரோமோஸ். மேலடுக்குக்கு லூமினன்ஸில் ஐந்தாறு. மற்றவை அங்கொன்றும் இங்கொன்றும். ஒரே தாளில் எல்லாவற்றையும் கலக்கலாம். கம்பெனிக்காரர்கள் சண்டைக்கு வரமாட்டார்கள். வரிசை மட்டும் முக்கியம்: கெட்டியானது கீழே, மெழுகானது மேலே. மெழுகை அப்பிவிட்டு அதன்மேல் கெட்டிப் பென்சிலை ஓட்டினால் எண்ணெய்த் தரையில் கால் வழுக்குவது மாதிரி வழுக்கும்.

5. நிறம் வெளுக்கும். இதைத்தான் எல்லோரும் கடைசியில் கற்கிறார்கள்.

நண்பரின் தங்கை கல்யாணத்துக்கு மணப்பெண்ணின் படத்தை வரைந்து பரிசாகக் கொடுத்தேன். மஜந்தாப் பட்டுப்புடவை. அந்தப் புடவைக்கே இரண்டு வாரம் உட்கார்ந்தேன். கூடத்தில், முற்றத்து வெளிச்சம் விழுகிற சுவரில் மாட்டினார்கள். நாலு வருஷம் கழித்து அவர்கள் வீட்டுக் காதுகுத்துக்குப் போனால், புடவை சாம்பல் பூத்த நீலமாக இருக்கிறது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பந்தியில் சாம்பார் ஊற்ற வந்த பெரியம்மா மட்டும், "அப்பவே இந்தக் கலர்தானா தம்பி?" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்றைக் கவனித்தேன். முகம் அப்படியே இருந்தது. கழுத்து, கை, தலைமுடி எல்லாம் வரைந்த அன்று இருந்தபடி. புடவை மட்டும் போய்விட்டது. இரண்டும் ஒரே பெட்டிப் பென்சில்கள்.

காரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது. வேட்டியில் மஞ்சள் கறை பட்டால் அம்மா என்ன செய்வாள்? துவைத்து நல்ல வெயிலில் போடுவாள்; மாலைக்குள் கறை மங்கிவிடும். கோயில் மதிலின் காவிப் பட்டை அப்படிப் போவதில்லை. மழையில் கரையும், சுண்ணாம்போடு உதிரும், வெயிலுக்கு மட்டும் வெளுக்காது. மஞ்சளின் நிறம் வெளிச்சம் பட்டால் உடையக்கூடிய பொருள். காவியோ இரும்புத் துரு. ஏற்கெனவே துருப்பிடித்ததை வெயில் இனி என்ன செய்துவிடும்? வெனிஷியன் ரெட், பர்ன்ட் ஓக்கர், சியன்னா எல்லாம் இந்தக் காவி வம்சம். முகத்தைக் காப்பாற்றியது அவைதான். இளஞ்சிவப்பு, மஜந்தா, ஊதா, சில ஆரஞ்சுகள் பெரும்பாலும் மஞ்சளின் பங்காளிகள்.

6. கத்திரி வெயிலில் தேர்வு வையுங்கள்.

பாலிக்ரோமோஸ் குச்சியின் மேல் நட்சத்திரம் போட்டிருக்கும். மூன்று என்றால் நல்லது. லூமினன்ஸிலும் டெர்வென்ட் லைட்ஃபாஸ்டிலும் அமெரிக்கத் தர அமைப்பான ஏ.எஸ்.டி.எம்.மின் 'டி 6901' என்ற சோதனைப்படி முதல் தரம், இரண்டாம் தரம் என்று இருக்கும். கலர் பென்சிலுக்கென்றே 2003-இல் வந்த சோதனை அது. அங்குள்ள கலர் பென்சில் ஓவியர் சங்கம் முன்நின்று கொண்டுவந்தது. லூமினன்ஸ் பெட்டியில் 6901 என்று எண் போட்டிருப்பது இதை வைத்துத்தான்.

'நூறு ஆண்டு தாங்கும்' என்று விளம்பரத்தில் படிக்கும்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அது அருங்காட்சியக வெளிச்சத்தில் நூறு ஆண்டு. காகித ஓவியத்துக்கு அங்கே 50 லக்ஸ் அளவுக்குத்தான் விளக்குப் போடுவார்கள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால் ஆண்டுக்கு 1,46,000 லக்ஸ்-மணி. நூறு ஆண்டுக்கு 1 கோடியே 46 லட்சம். நம் ஊர் உச்சி வெயில் 1 லட்சம் லக்ஸ். வகுத்தால் 146 மணி நேரம். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் நல்ல வெயில் அடித்தால் 24 நாள். கத்திரி 25 நாள்! அருங்காட்சியகத்தின் நூறு ஆண்டை நம் அக்னி நட்சத்திரம் ஒரே மூச்சில் ஓட்டிக் காட்டிவிடுகிறது. விளக்கு வெளிச்சமும் வெயிலும் ஒன்றல்ல, புற ஊதாக் கதிர் வேறு இருக்கிறது. அதனால் இது கச்சிதமான கணக்கல்ல. கண் திறக்க இது போதும்.

செய்யவேண்டியது இவ்வளவுதான். நீங்கள் படம் போடுகிற அதே தாளில் ஒவ்வொரு பென்சிலாலும் ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டை தீட்டுங்கள். பென்சிலின் பெயர், எண், தேதி எழுதுங்கள். பாதிப் பட்டையைக் கெட்டி அட்டையால் மூடி மொட்டை மாடியில் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். சாயங்காலம் எடுத்து உள்ளே வையுங்கள். கோடை மழை சொல்லிக்கொண்டு வராது. 25-ஆம் நாள் அட்டையை எடுத்தால் மூடிய பாதியும் மூடாத பாதியும் பேசும்.

இதைச் செய்தவர்களுக்கு 'எந்த பிராண்ட் நல்லது' என்ற கேள்வி தானாகவே நின்றுவிடும். ஒரே பெட்டியில் ஒரு சிவப்பு அசையாமல் நிற்கும். பக்கத்துச் சிவப்பு ஓடியே போயிருக்கும். பெட்டிக்கும் பெட்டிக்கும் போட்டி வைப்பதில் அர்த்தமே இல்லை. நிறத்துக்கும் நிறத்துக்கும் வையுங்கள்.

7. பென்சிலுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியைக் காகிதத்துக்குக் கொடுங்கள்.

பள்ளி டிராயிங் நோட்டில் லூமினன்ஸை வைத்துத் தேய்ப்பது, பித்தளைக் குத்துவிளக்குக்கு விளக்கெண்ணெய் கலந்த தண்ணீர் ஊற்றுவது மாதிரி. மூன்றாவது அடுக்கிலேயே தாள் மழுங்கிப் பளபளக்கும். அதற்கு மேல் ஒன்றும் ஏறாது. தாளில் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு வேண்டும். அந்தக் குழிகளில்தான் நிறம் போய் உட்காருகிறது. ரொம்பச் சொரசொரப்பானால் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். ஃபேப்ரியானோ, ஆர்ச் போன்றவற்றில் 'ஹாட் பிரஸ்' என்று கேளுங்கள், 300 ஜி.எஸ்.எம்., முழுப் பருத்தி. வழவழப்பாக இருக்கும், ஆனால் பிடி இருக்கும். விலை அதிகம்தான். ஒரு பெரிய தாளை எட்டாக வெட்டிக்கொண்டால் எட்டுப் படம்.

8. அழுத்தாதீர்கள்.

கோலமாவு விரலிடுக்கில் விழுகிற மாதிரி நிறம் விழவேண்டும். பென்சிலின் பின்பக்கத்தைப் பிடியுங்கள், தானாகவே கை லேசாகும். எட்டு, பத்து அடுக்கு ஏறிய பிறகு கடைசியில்தான் அழுத்தம். முதலிலேயே அழுத்தியவனுக்குத் திரும்பி வர வழி கிடையாது. கலர் பென்சிலை ரப்பர் முழுசாக அழிக்காது.

9. சீவுகிறபோது பென்சிலைத் திருகாதீர்கள், ஷார்ப்பனரைத் திருப்புங்கள். மழுங்கிய பிளேடுதான் பாதிக் குச்சியை உடைக்கிறது. சிறிய பென்சிலைத் தூக்கி எறியாமல் நீட்டுப்பிடியில் செருகுங்கள். துகளைக் கையால் தள்ளாமல் மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள்.

10. 'ஸ்கின் கலர்' என்று ஒரு பென்சில் இருப்பதை மறந்துவிடுங்கள்.

பள்ளிப் பெட்டிகளில் அந்தப் பெயரில் வருகிற வெளிறிய இளஞ்சிவப்பு, என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் தோலும் இல்லை. ஆனாலும் எல்லாப் பிள்ளையும் அம்மாவை அந்த நிறத்தில்தான் வரைகிறது. எனக்கு இதில் தீராத கோபம் உண்டு.

நம் முகத்தை இப்படி ஏற்றிப் பாருங்கள். முதலில் க்ரீமால் ஒளி விழும் இடங்களைக் காத்துக்கொள்ளுங்கள். பிறகு முழுக்க பர்ன்ட் ஓக்கர், லேசாக. கன்னத்திலும் மூக்கு நுனியிலும் காதுமடலிலும் வெனிஷியன் ரெட். தாடைக்கு அடியில் மிக லேசாக ஆலிவ் பச்சை. பயப்படவேண்டாம், மேலே பழுப்பு வந்ததும் அது உள்ளே போய்விடும். நிழலுக்கு செப்பியா, ஆழமான நிழலுக்கு இண்டிகோ. கறுத்த மேனியில் நெற்றி மேட்டில் விழும் ஒளி வெள்ளையாக இருக்காது. வெளியில் நின்றால் வானத்தின் நீலம் அதில் இருக்கும். வயலில் நிற்பவரைப் போய்ப் பாருங்கள். இந்த நீலத்தைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினைந்து வருஷம் ஆனது.

11. நரைமுடி, பூனை மீசை, மல்லிகைக் காம்பின் ஓரம் போன்ற மெல்லிய வெள்ளைக் கோடுகளுக்கு, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் தாளில் முதலிலேயே அழுத்திக் கீறிவிடுங்கள். மேலே நிறம் ஓட்டும்போது பள்ளம் வெள்ளையாகவே தங்கிவிடும். செலவில்லாத வித்தை.

12. நம் ஊர் தட்பவெப்பத்தை மறக்காதீர்கள்.

மெழுகுப் பென்சிலால் அழுத்திப் போட்ட கரிய இடங்களில் சில வாரத்தில் திராட்சைப் பழத்தின் மேல் இருப்பதுபோல் வெண்மை பூக்கும். பூஞ்சணம் என்று பயப்படாதீர்கள். மெழுகு மேலே வந்திருக்கிறது. மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, ஓவியத்துக்கான ஃபிக்ஸட்டிவ் இரண்டு முறை அடித்தால் அடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் வருவதோ நிஜப் பூஞ்சணம். அந்த மாதங்களில் தாளை ஈரச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். மே மாதத்தில் மெழுகுப் பென்சில் இன்னும் இளகும்; காலையிலேயே வேலையை முடித்துவிடுங்கள். சட்டம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடாமல் நடுவில் அட்டை வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மெழுகு கண்ணாடியில் ஒட்டும்.

13. விற்கிற படத்தின் பின்பக்கம் எழுதிக் கொடுங்கள்.

எந்தத் தாள், எந்தெந்தப் பென்சில், எந்த வருஷம். கீழே ஒரு வரி: 'நேர் வெளிச்சம் படும் சுவரில் மாட்டவேண்டாம்.' வாங்குகிறவர் பணம் கொடுக்கிறார். அவர் பேத்தி பார்க்கும்போதும் அந்தப் புடவை மஜந்தாவாக இருக்கவேண்டும். தேறாத நிறத்தைப் பயிற்சி நோட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் தீட்டுங்கள், காசு வாங்கும் படத்தில் வேண்டாம்.

அடுத்த கத்திரி வழக்கம்போல் மே 4 வாக்கில் தொடங்கும். பட்டைகளை அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே தீட்டி எடுத்து வாருங்கள். கண்ணாடி என் மாடியில் இருக்கிறது.